ஏழாம் எண் வெறுங்கடல்

நடுநிலையைப் பற்றிப் புத்தகத்தில் படித்தவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். அதனோடு ஒரே மேசையில் அமர்ந்து மெதுவடை தின்ற பேறு, நான் அறிந்தவரை, இந்த மண்ணுலகில் பத்துப் பேருக்கே வாய்த்தது. அந்தப் பத்துப் பேரில் அடியேனும் ஒருவன்.

அந்த நடுநிலையின் பெயர் பரசுராமன். 'கரைகடந்த காற்றாற்றல் நல்லிணக்கக் குழு'வின் தலைவர். இருபத்தேழு ஆண்டு அரசுப் பணியில் ஒரு நாளும் ஒரு பக்கம் சாயாதவர். காலை ஒன்பதே முக்காலுக்கு இராயபுரம் அலுவலகத்துக்குள் நுழைந்ததும், மேசையின் இடப்பக்கக் கோப்புகளையும் வலப்பக்கக் கோப்புகளையும் அடிக்கோலால் அளப்பார். ஒரு பக்கம் அரை அங்குலம் உயர்ந்திருந்தால், அங்கிருந்து ஒரு கோப்பை எடுத்து மறுபக்கத்தில் வைப்பார். கோப்பினுள் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார். பார்த்தால் விருப்பு வெறுப்பு உண்டாகிவிடும் அல்லவா? அதன்பின், காபி கேட்பவர், தேநீர் கேட்பவர் ஆகிய இருவர் மனமும் நோகாதபடி, பாதிக்குப் பாதி கலந்த ஒன்றை அருந்துவார்.

"அது எப்படி இருக்கும் ஐயா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இரு தரப்புக்கும் சமமான அதிருப்தி, மாஸ்டர்," என்றார். "அதுதான் நல்ல நிர்வாகத்தின் சுவை."

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் தொடக்கம் அது. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நேர்கிழக்கே, கடலுக்குள் ஒரு காற்றாலை நடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. நிலத்தில் நட்டால் நிலம் வேண்டும். நிலத்துக்கு உரிமையாளர் இருப்பார். உரிமையாளருக்கு வாய் இருக்கும். கடலுக்குப் பட்டா கிடையாது. காற்றாலை நல்ல பொருள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது புகை விடாது, சாம்பல் கொட்டாது. உலர்த்திய வேட்டியை முப்பதாண்டு உதறி உதறி எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலை நீக்கி உடுத்திய எனக்கு அதன்மேல் உண்மையாகவே ஆசை இருந்தது.

ஆனால் அந்தக் கடலில் மீன்கள் வாழ்ந்தன. அவற்றைப் பிடித்து மனிதர்கள் வாழ்ந்தனர். காற்று, மீன், மனிதர் என்னும் மூவரையும் 'சமன்' செய்வதற்காகவே எங்கள் குழு பிறந்தது. காற்றுக்கு ஏழு பொறியாளர்கள். மீனுக்கு ஒருவர். மனிதருக்கு நான். தலைவர் ஒருவர். பதினோராவது உறுப்பினர் வடை வரவழைப்பவர். கூட்டங்கள் தவறாமல் நடந்ததற்கு அவரே காரணம்.

மனிதருக்கு நான் ஏன் என்று கேட்பீர்கள். முப்பத்தாறு ஆண்டு மீனவர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவன், ஆகவே அவர்கள் சார்பில் எல்லாவற்றையும் எழுதத் தகுந்தவன் என்று கருதினார்கள். "மீனவர் ஒருவரையே உறுப்பினராக்கலாமே?" என்று பணிவோடு கேட்டேன்.

"அவர் ஒரு தரப்பாகிவிடுவார், மாஸ்டர்," என்றார் பரசுராமன் வருத்தத்தோடு.

மீன்களின் சார்பாக அமர்ந்தவர் மஜீது. வண்ணாரப்பேட்டையில் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்த்து விற்பவர். 'கடல்வாழ் உயிரினப் பன்மைக்கான உறுப்பினர்' என்று அவருக்கு முன்னால் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். முதல் கூட்டத்தில் அவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஆள் மாத்தி இட்டாந்துட்டீங்கனு நெனைக்கிறேன். நான் கோல்டு பிஷ் விக்கிறவன் சார். கடலு பக்கம் காத்து வாங்கக்கூட போவமாட்டேன்."

"உங்களிடம் இருப்பவை மீன்கள்தாமே?" என்றார் பரசுராமன்.

"மீனுங்கதான்."

"உயிரோடு இருக்கின்றனவா?"

"கீற வரைக்கும் கீது சார்."

"மீனவர்களிடம் இருப்பவை செத்த மீன்கள். ஆய்வாளர்களிடம் இருப்பவை குப்பியில் ஊறிய மீன்கள். உயிருள்ள மீனோடு அன்றாடம் பழகுபவர் இந்தக் குழுவில் நீங்கள் ஒருவரே. காற்றாலை சுழலும்போது கடலடியில் ஓசை எழும் என்கிறார்கள். மீன்கள் பொறுத்துக்கொள்ளுமா?"

மஜீது நேர்மையானவர். கண்ணை மூடி யோசித்தார். "எங்க கடை மாடியில பதினாலு வருசமா கிரைண்டர் ரிப்பேர் கடை கீது சார். காலைலேர்ந்து கடகடனு ஒரே பேஜாரு. எனக்குத்தான் தலைவலி. மீனுங்க இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல."

குறிப்பேட்டில் நான் எழுதினேன்: 'தொடர் இரைச்சலால் மீன்களுக்குப் பாதிப்பு இல்லை எனப் பதினான்காண்டுக் களஆய்வு உறுதிசெய்கிறது.' ஏழு பொறியாளர்களும் கைதட்டினார்கள்.

"ஒண்ணும் சொல்லலனுதான் சார் சொன்னேன். ஒண்ணும் ஆவலனு சொல்லலியே?" என்றார் மஜீது. "வாரத்துக்கு நாலு மல்லாந்துகினு கெடக்குது சார்."

அது ஒரு தரப்பின் கருத்து என்பதால் குறிப்பில் ஏறவில்லை.

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. மனத்தில் ஏதேனும் உறுத்தினால் அதை நேராகச் சொல்ல வராது, கதையாகச் சொல்லிவிடுவேன். அன்றும் சொன்னேன்.

ஒரு கடற்கரையில் ஆமையும் நண்டும் மணலுக்காகச் சண்டையிட்டன. நரி ஒன்று நடுவராக வந்தது. "ஈரமணல் நண்டுக்கு, உலர்மணல் ஆமைக்கு," என்று தீர்ப்பளித்தது. "ஈரமும் உலர்வும் சந்திக்கும் கோட்டில் தகராறு வராதபடி நானே காவல் இருக்கிறேன்," என்றும் சொன்னது. கடலிலிருந்து ஏறி வந்து முட்டையிட ஆமை அந்தக் கோட்டைக் கடந்தாக வேண்டும். இரை தேட நண்டும் அதைக் கடந்தாக வேண்டும். ஒரே மாதத்தில் வழக்கு அடியோடு தீர்ந்தது. வழக்காடிய இருவரும் இல்லை. நரி மட்டும் சற்றுப் பருத்திருந்தது.

கதையை முடித்து அவையைப் பார்த்தேன். வகுப்பறையாக இருந்தால் யாராவது ஒரு பயல் எழுந்து "நரி கெட்டது சார்" என்றிருப்பான். இங்கே பரசுராமன் கண்கலங்கியிருந்தார்.

"மாஸ்டர், இத்தனை நாளும் நமக்கு ஒரு முன்மாதிரி இல்லாமல் தவித்தோம்," என்றார்.

அன்றைய நான்காம் தீர்மானம் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'நரி அவர்கள் கையாண்ட எல்லைமுறை கொள்கை அளவில் ஏற்கப்படுகிறது.' அதன் முதற்படியாக, மீன் இல்லாத இடமாகத் தேடிப் பார்த்துக் காற்றாலையை நடுவது என்றும் முடிவாயிற்று. எவ்வளவு கருணை நிறைந்த முடிவு! வடையும் அன்று கூடுதலாக ஒன்று வந்தது.

அடுத்து, மனிதர் உரிமை. திருவொற்றியூருக்கு வடக்கே, சாலைக்கும் கடலுக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கும் சூசையப்பர் குப்பம்தான் காற்றாலைக்கு மிக அருகில் இருந்த ஊர். நாற்பது வீடு. அவர்கள் அந்தக் கடலின் தொன்மைக் குடிகளா என்பதை உறுதிசெய்யப் பத்தொன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் அச்சாகியிருந்தது. முதலில் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்குப் போனோம். ஸ்டானிஸ்லாஸ் என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இப்போது நாற்பத்தெட்டு வயது, பாதிப் பங்குக்கு ஒரு பைபர் படகு. அவன் கடலுக்குப் போயிருந்தான். மனைவி ஹில்டா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்கள் குடும்பம் எந்த ஆண்டு முதல் இக்கடலில் தொழில் செய்கிறது?" என்று பரசுராமன் தொடங்கினார்.

"கடலு வந்த நாள்லேர்ந்து சார்."

"ஆண்டு வேண்டும் அம்மா."

ஹில்டா கையைப் புடவையில் துடைத்தாள். "போட்டுக்கோ சார், நாப்பத்தேழு. அன்னிக்குத்தான் எல்லாம் ஆரம்பிச்சுதுனு எங்க சார்கூட இஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாராம்."

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"ஐம்பத்தைந்து ஆண்டு தொன்மையாகாது. குறைந்தது நூறு வேண்டும். உங்கள் முன்னோர் வீட்டின் கதவு எண் என்ன?"

"எங்க வூட்டுக்காரரோட தாத்தன் வூடு கடல் அரிச்சு உள்ள பூடுச்சு சார். அதோ, அந்த அலை உடையுதே, அங்கதான் இருந்துது."

"அதாவது, அவ்வீடு தற்போது கடலுக்குள் இருக்கிறது."

"ஆமா."

"கடலுக்குள் வீடு வைத்திருக்க அனுமதி பெற்றிருக்கிறாரா?"

ஹில்டா என்னைப் பார்த்தாள். "சார், இவுரு சிரிக்கச் சொல்றாரா, அழச் சொல்றாரா?"

நாற்பது வீட்டிலும் கதவு எண் கிடைக்கவில்லை. ஆயினும் பரசுராமன் கல்நெஞ்சர் அல்லர். மனிதநேய அடிப்படையில் அந்த ஊரார் அனைவரையும் 'ஓரளவு தொன்மையானவர்கள்' என்று அறிவித்தார். அதற்கு நன்றி தெரிவிக்க யாரும் வராதது குறித்து அவருக்கு வருத்தம் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மீன் இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்கும் பயணம் மாசி மாதத்து ஒரு காலையில் நடந்தது. ஒரு மோட்டார் லாஞ்சு, கருவி ஏந்திய பொறியாளர்கள், பரசுராமன், நான், மஜீது. மஜீது கரை மறையுமுன்பே வாந்தி எடுத்துவிட்டு, மீன்களின் சார்பாகப் படுத்துக்கொண்டார். வழிகாட்டியாக ஸ்டானிஸ்லாஸ். அவன் சட்டையில் 'மரபறிவு வழிகாட்டி' என்ற அட்டையை ஊக்கால் குத்தியிருந்தார்கள். உலகில் எத்தனை அரசுகள் ஏழை மீனவனின் அறிவுக்கு அட்டை குத்தியிருக்கின்றன?

ஆறு இடங்களைப் பார்த்தோம். ஆறிலும் சேறு. ஆறிலும் ஸ்டானிஸ்லாஸ், "இங்க அள்ளும் சார். கொட்டிக் கெடக்குது," என்றான். ஏழாவது இடம் வந்தது. அங்கே அவன் கரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். குப்பத்துக் கோயிலின் சிலுவை, அனல்மின் நிலையப் புகைபோக்கி ஒன்றின் நடுவில் பொட்டு வைத்தாற்போல் நின்றது. அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இங்கே மீன் உண்டா?" என்றார் பரசுராமன்.

"இங்கயா? ஒண்ணுமில்ல சார். வெறுங்கடல்."

"உறுதியாகவா?"

"எங்க அப்பன் காலத்துலேர்ந்தே வெறுங்கடல். இங்க வலை போட்டா வலைதான் சார் கலீஜாவும்."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கடலில் கண்டதைக் கரையில் சொல்வதில்லை என்பது அந்த ஊர் நியதி. படகு கவிழ்கிற அளவுக்கு மீன் கொண்டுவருபவனிடம் "இன்னாப்பா கெடச்சுது?" என்று கேளுங்கள், "ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன்," என்பான். எங்கே கிடைத்தது என்று கேட்டால், கிடைக்காத திசையைக் காட்டுவான். கண்ணேறு ஒரு காரணம். காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் காதில் விழுந்தால் மறுநாளே வந்து அடியோடு வாரிவிடுவார்கள் என்பது பெரிய காரணம். ஆகவே ஒருவன் 'அள்ளும்' என்றால் அங்கே ஒன்றுமில்லை. 'வெறுங்கடல்' என்று சத்தியம் செய்தால், அங்கேதான் அவன் உயிர் இருக்கிறது.

ஏழாவது இடத்தில் அவர்கள் உயிர் இருந்தது. அடியில் ஒரு பாறைத்திட்டு; அதைப் பார் என்பார்கள். கரையில் இரண்டு அடையாளங்கள் ஒன்றாகத் தெரிவதை வைத்தே அந்த இடத்தைக் கண்டுகொள்வார்கள். சங்கராவும் களவாவும் சிங்கி இறாலும் அங்கே குடியிருந்தன. வேறெங்கும் வலை வெறுமையாக வரும் மாதங்களில் நாற்பது வீட்டு அடுப்பும் அந்தப் பாரை நம்பித்தான் எரிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு படகுதான் போகலாம் என்று ஊரில் முறை வைத்திருந்தார்கள். முறை தவறிப் போனவன் மூன்று மாதம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. எழுதி வைக்காத சட்டம். ஆகவே ஒருவரும் மீறாத சட்டம்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முப்பத்தாறு ஆண்டு அவர்களிடம் 'ஒண்ணுமில்ல' கேட்டுக் கேட்டு மீன் வாங்கித் தின்றவன் நான். ஆயினும் சாட்சி சொன்னதை எழுதுவது நடுநிலை. எழுதுபவன் தான் அறிந்ததை எழுதுவது சார்பு. படிவத்திலும் 'வழக்கம்' என்று ஒரு கட்டம் இல்லை. எனவே அழகான எழுத்தில் பதிந்தேன்: 'இடம் ஏழு. மரபறிவின்படி வெறுங்கடல்.' பொறியாளர் கருவியை அமுக்கினார். அது 'பீப்' என்றது. அந்த ஒலியோடு கடலின் அந்தப் பகுதி அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.

கருத்துக்கேட்புக் கூட்டம் பங்குனியில், திருவொற்றியூர்த் திருமண மண்டபம் ஒன்றில் நடந்தது. முந்தைய நாள் திருமணத்தின் வாழைமரங்கள் வாசலில் அப்படியே நின்றதால் மங்கலத்துக்குக் குறைவில்லை. சூசையப்பர் குப்பமே வந்திருந்தது. பரசுராமன் திரையில் வரைபடத்தைக் காட்டினார். ஏழாம் எண்ணின் மேல் ஒரு சிறிய விசிறிப் படம் இருந்தது.

"இந்த இடத்தைத் தேர்ந்தவர்கள் நாங்கள் அல்லர்," என்றார் குரல் தழுதழுக்க. "நீங்களே! உங்கள் மரபறிவு இதை வெறுங்கடல் என்றது. அதற்குத் தலைவணங்கி அங்கேயே காற்றாலையை நடுகிறோம்."

ஹில்டா மெல்ல எழுந்தாள்.

"எது சார்? நம்ம கோயில் சிலுவையும் பொகபோக்கியும் ஒண்ணா தெரியுமே, அதுவா?"

"அதுவேதான் அம்மா."

"யோவ்!" என்று கணவன் பக்கம் திரும்பினாள். "நம்ம பாரையா காட்டிக் குடுத்த?"

"நான் எங்க காட்டிக் குடுத்தேன்?" என்றான் ஸ்டானிஸ்லாஸ். "ஒண்ணுமே இல்லனுதானே சொன்னேன்! லாஞ்சுல அத்தினி பேரு. ஒருத்தன் போயி காசிமேட்டுல ஊதிட்டான்னா இன்னா பண்ணுவ? மறைக்கத்தான்மே சொன்னேன்!"

"மறைச்ச லட்சணத்தப் பாரு. அது மேல காத்தாடி நடப்போறாங்க!"

ஊர்த் தலைவர் சாவியோ, நரைத்த மீசைக்காரர், எழுந்து கை கூப்பினார். "சார், அவன் மேல தப்பில்ல. யாரு கேட்டாலும் நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். நானா இருந்தாலும் அத்தத்தான் சொல்லியிருப்பேன்."

ஸ்டானிஸ்லாஸ் மேடைக்கு வந்தான். ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டான். கடலில் கண்டதைக் கரையில் சொல்லும் முதல் ஆள் அவன். "சார், நான் சொன்னது பொய்யி. அங்க மீனு கீது. எங்க ஊரே அத்த வெச்சுத்தான் சாப்டுது. அள்ளுதுனு நான் சொன்ன மத்த ஆறு எடத்துலயும் வெறும் சேறுதான். காத்தாடிய அங்க எங்கனா வெச்சுக்கோ சார், யாரு வேணான்றா?"

பரசுராமனின் முகம் மலர்ந்ததை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். "அப்படியா! அப்படியானால் அது உயிரினப் பன்மைச் செறிவுப் பகுதி. எங்கள் கொள்கை மிகத் தெளிவானது. மீன் இல்லாத இடம் காற்றுக்கு. மீன் உள்ள இடம் மீனுக்கு. இனி அங்கே ஒருவரும் வலை வீசக் கூடாது."

"இன்னா சார் இது?" என்றாள் ஹில்டா. "மீனு இல்லனா காத்தாடிக்கு. மீனு இருந்தா மீனுக்கு. அப்ப எங்களுக்கு?"

"இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி முழுவதும் உங்களுக்கே!"

"அது எங்க கீது?"

பொறியாளர் ஒருவர் வரைபடத்தில் ஒரு நீலப்பட்டையைக் குச்சியால் தடவிக்காட்டினார்.

"அது கப்பல் போற வழி சார்!" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

"கப்பல் இல்லாத நேரத்தில் மீன் பிடிக்கலாம்."

"எப்ப இல்லாம இருக்கும்?"

"அது கப்பல்களின் தரப்பு. நாம் தலையிட்டால் சமநிலை கெட்டுவிடும்."

அப்போது மஜீது எழுந்தார். முன்னால் இருந்த அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "தலைவரே, மீனுங்க சார்பா ஒண்ணு சொல்றேன். இவுங்க ஒரு நாளைக்கு ரெண்டு படகு போயி, அளவா புடிச்சுகினு வந்துகினு கீறாங்க. மீனும் கீது, இவுங்களும் கீறாங்க. நீங்க கேக்குற பேலன்சு அங்க ஏற்கெனவே கீது சார். காத்தாடிய சேத்துல நட்டா அதுவும் இருக்கும். அம்புட்டுத்தான். இதுக்கு இன்னாத்துக்கு சார் பதினோரு பேரு?"

மண்டபத்தில் அன்று பேசப்பட்டவற்றுள் பொருளுடையது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியவற்றை எழுதும் வழக்கம் எனக்கில்லை.

"உயிரினப் பன்மை உறுப்பினரின் கருத்து முதல் கூட்டத்திலேயே பதிவாகிவிட்டது," என்றார் பரசுராமன் கனிவாக.

முடிவு மூன்று நாளில் வெளியானது. நடுநிலையின் சிகரம் என்று அதைச் சொல்வேன். ஒப்புதல் பெற்ற இடத்தை மாற்றினால் மரபறிவுக்கு அவமதிப்பு. மீன் உள்ள இடத்தைக் காக்காவிட்டால் மீனுக்கு அநீதி. ஆகவே காற்றாலை ஏழாம் எண்ணிலேயே நடப்படும். அதைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்கு மீன் காப்பிடமும் ஏழாம் எண்ணிலேயே அமையும். காற்றுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. ஓரளவு தொன்மையானவர்கள் கைவிடப்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மரபுடையில், அரசுப் படகில் சென்று, தங்கள் பாரைத் தொலைவிலிருந்து பார்வையிடும் உரிமை அவர்களுக்கு என்றென்றைக்குமாக வழங்கப்பட்டது. மரபுடை எது என்பதை ஆராய ஒரு துணைக்குழுவும் அமைந்தது.

அடுத்த வாரமே பாரைச் சுற்றி ஆரஞ்சு நிற மிதவைகள் கட்டினார்கள். அன்றைய முறைக்குரிய இரண்டு படகுகளும் மிதவை வரை போய்விட்டு வெறும் வலையோடு திரும்பின. கரையில் நின்ற பெண்கள் "இன்னா கெடச்சுது?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல," என்றார்கள் அவர்கள். அந்த ஊரின் நினைவில் அந்தச் சொல் மெய்யாக இருந்தது அன்றுதான் முதல்முறை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. பழைய ஆசிரியன் என்ற மரியாதையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். யாரும் ஸ்டானிஸ்லாஸை அழைக்கவில்லை. அவனே நடுவில் வந்து, நெடுஞ்சாண்கிடையாக ஊரின் காலில் விழுந்தான்.

"எந்திரி நைனா," என்றார் சாவியோ. "உன்ன யாரு இன்னா சொன்னா?"

"யாரும் சொல்லல பெரிப்பா. அதான் தாங்கல." எழுந்தவன் முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டவில்லை. "ஊரு சோத்துல நான் மண்ணள்ளிப் போட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்கனு வாயால சொன்னா பத்தாது. எங்கிட்ட ஒண்ணு கீது, குடுத்துடறேன்."

ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் தெரியாத ஒன்று என்பது முகத்தில் தெரிந்தது.

"எங்க அப்பன் சாவும்போது என் காதுல மட்டும் சொன்னது. இன்னொரு பாரு கீது. சின்னதுதான். எங்க வூட்டுக்குக் கஷ்டம் வந்தா மட்டும், யாருக்கும் தெரியாம, தனியா போயிட்டு வருவேன். இனிமே அது ஊருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு படகுனு முறை வெச்சுக்கோங்க. என் முறைய கடைசீல போடுங்க." மூச்சை இழுத்துவிட்டான். "வடக்கால போங்க. கத்திவாக்கம் தண்ணித்தொட்டி, கடைசி பொகபோக்கிக்குப் பின்னால மறையணும். அப்பிடியே கெழக்க திரும்பி..."

முப்பதாண்டு பூட்டிவைத்திருந்ததை ஒரு மனிதன் நாற்பது வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எவ்வளவு உயர்ந்த காட்சி! அதில் ஒரு சொல்லும் வீணாகிவிடக்கூடாதே என்று நான் நெகிழ்ந்திருந்தபோது, பக்கத்தில் ஹில்டாவின் குரல் தாழ்வாகக் கேட்டது.

"சார். பேனாவ மூடுங்க."

அப்போதுதான் பார்த்தேன். என் மடியில் குறிப்பேடு விரிந்திருந்தது. 'இடம் எட்டு' என்று தலைப்பு இட்டிருந்தேன். தண்ணீர்த்தொட்டி வரை எழுதியாகிவிட்டது.

"பழக்கம் அம்மா," என்றேன்.

"அவருக்கும் பழக்கந்தான் சார். வாய்ல பழக்கம், ஒண்ணுமில்லனு வந்துடுச்சு. அவுரு உழுந்து எந்திரிச்சுட்டாரு." என் நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். "அந்த 'ஒண்ணுமில்ல'க்கு இன்னா அர்த்தம்னு தெரிஞ்சுதானே சார் எழுதினீங்க?"

நான் அந்தத் தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, சொல்லும்படியாக நானும் எதுவும் செய்துவிடவில்லை.

நம் திட்டத்தின் வரலாற்றில் பொய் சொன்னவன் ஒரே ஒருவன் என்பதையும், அவன் ஊரறிய மன்னிப்புக் கேட்டு ஈடும் செய்துவிட்டான் என்பதையும் பெருமையோடு பதிவு செய்கிறேன். குழுவின் பதினொரு பேரும் கேட்டதைக் கேட்டபடியே எழுதியவர்கள்; எனவே முற்றிலும் குற்றமற்றவர்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்.